கண்ணாடிக்குள் இருப்பது எங்கள் வீட்டு உப்பு

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷம் யோசித்தேன். எட்டாவது வரை படித்தவள். பிழை வருமே என்ற பயம் பாதி, ஒருவர் மனம் நோகுமே என்ற பயம் பாதி. இப்போது மாரியாத்தா மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய பழைய ஜமீன் அரண்மனையை மியூசியமாக மாற்றிக்கொண்டிருந்தபோது, பெருக்கித் துடைக்க என்னைச் சேர்த்தார்கள். பொறுப்பிலிருந்த மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஏம்மா, தூசி தட்டு. எந்தப் பொருளையும் மாத்திடாத."

பூஜை அறையில் ஒரு பீங்கான் ஜாடி நிறைய உப்பு இருந்தது. ஜமீன் குடும்பம் ஊரை விட்டுப் போவதற்கு முன் வைத்தது என்பார்கள். நான் சேர்ந்த வருஷத்து மழையில் கூரை ஒழுகி ஜாடிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. உப்பு வாருகிற எங்கள் வீடுகளில், சாமி முன் வைத்த உப்பு நீர்த்துப் போனால் அப்படியே விடமாட்டோம். பழையதைக் கிணற்றில் கரைத்துவிட்டு, அந்தப் பருவத்தில் முதலில் வாரிய உப்பை வைப்போம். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, எங்கள் வீட்டு சாமி மாடத்தில் இருந்ததை எடுத்துப்போய் அதையே செய்தேன். தப்பென்று தோன்றவே இல்லை. மேடம் சொன்னது நாற்காலி, படம், கத்தி இதற்கெல்லாம் என்று நினைத்தேன்.

திறப்பு விழாவன்று ஜாடி கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. கீழே 'ஜமீன் காலத்து உப்பு' என்று அட்டை. என் வீட்டுக்காரர் என் காதோரம், "மாசியில நான் வாருன உப்புடி இது. இப்ப ஏசியில குந்தியிருக்குது பாரு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் முன் நின்றிருந்தார்.

"எங்கப்பா ஜமீன் அளத்துலதாம்மா வேலை செஞ்சாரு. அவரு கைபட்ட உப்பு" என்று என்னிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் மேடத்திடம் சொல்லிவிட்டேன்.

"பழைய உப்பு கொஞ்சமாவது இருக்குதா?"

"இல்லீங்க மேடம். கிணத்துல கரைச்சிட்டேன். சாமி உப்ப கால் படற எடத்துல கொட்டக் கூடாதுங்க."

மேடம், "உன்ன வேலைய விட்டே அனுப்பணும். போ, அந்த அட்டைய எடுத்துட்டு வா" என்றார்.

புது அட்டையில் உள்ளதை உள்ளபடி எழுதினார்கள். ஆனால் சுற்றிக் காட்டுகிறவர்கள் இப்போது, தலைமுறை தலைமுறையாக வருஷாவருஷம் உப்பு மாற்றும் வழக்கம் இது என்கிறார்கள். நான் மாற்றியது ஒரே தடவை. அந்தப் பெரியவர் திரும்ப வரவில்லை. அவர் அப்பா வாரிய உப்பைக் கரைத்தது நான்தான்.

படிக்கிறவர்கள் இதை நாலு பேரிடம் சொல்லுங்கள், அவர் காது வரை போகட்டும். எனக்காகக் குறைக்கவும் வேண்டாம், அழகுக்காகக் கூட்டவும் வேண்டாம்.