ரசத்தை மோந்து பார்க்கிறவள்

எங்கள் மயிலாப்பூர் வீட்டில் ஸ்வாமிக்கு நைவேத்தியம் ஆகும் முன் எதையும் வாயில் போட்டுப் பார்க்கக் கூடாது. உப்பு சரியா என்று எப்படித் தெரியும்? மூக்கால்தான். ரசம் நுரைகட்டி வரும்போது குனிந்து ஒரு தரம் மோந்தால் சொல்லிவிடுவேன். உப்புக்கு ஏது வாசனை என்று சண்டைக்கு வராதீர்கள், எனக்கும் காரணம் தெரியாது. உப்பு விழுந்ததும் மிளகும் பெருங்காயமும் சட்டென்று எழுந்து நிற்கும், அவ்வளவுதான். இந்த மூக்கைப் பற்றி எனக்குக் கொள்ளை கர்வம்.

திருஷ்டி பட்டுவிட்டது. ஒரு ஜுரம் வந்தது, போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நான் ஒப்புக்கொள்ளவே இல்லை. காபிப் பொடி டப்பாவைத் திறந்தால் மணக்கத்தானே செய்கிறது! என் வீட்டுக்காரர் விடவில்லை.

"கண்ணை மூடிக்கோ. இப்போ இது என்னன்னு சொல்லு."

ஒன்றுமில்லை, வெறும் காற்று. கண்ணைத் திறந்தால் அதே காபிப் பொடி. அடப்பாவி கண்ணே, இத்தனை நாளும் மூக்குக்காக நீதான் பொய் சாட்சி சொன்னாயா! சிரித்துக்கொண்டே டப்பாவை மூடி வைத்தேன். இனிமேல் ஆயுசுக்கும் இப்படியே இருந்துவிட்டால்?

அந்த வெள்ளிக்கிழமை அடிப்பிடித்த பாயசத்தை அம்பாளுக்கு நைவேத்தியம் பண்ணி வைத்தேன். தீய்ந்த நாற்றம் தெருமுனை வரைக்குமாம். அடுப்பருகிலேயே நின்ற எனக்குத் தெரியவில்லை. அன்றோடு கரண்டி அவர் கைக்குப் போயிற்று.

அடையாறு டாக்டர், "வரும்போது வரும், பொறுங்க" என்றார். எரிச்சலோடு ஆட்டோ ஏறினேன். வண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறியது. சுளீரென்று ஒரு நாற்றம்! சேறும் சாக்கடையும் அழுகலும் சேர்ந்த, குடலைப் புரட்டும் நாற்றம். கண்ணை இறுக மூடிக்கொண்டு மறுபடி இழுத்தேன். நாறியது! ஐயோ, என்னமாய் நாறியது!

"கொஞ்சம் மெதுவா போப்பா!"

"இன்னாம்மா நீ, அல்லாரும் மூக்க பொத்திக்கினு போறாங்கோ. நீ இன்னாடான்னா மெதுவா போன்றே?"

"நாறறதுப்பா! நன்னா நாறறது!"

அவர் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டுமே! மந்தைவெளி வருவதற்குள் டீசல், பஜ்ஜி எண்ணெய், யாரோ தலையில் வைத்திருந்த மல்லி என்று கண்டதையெல்லாம் மோந்து தலை கிறுகிறுத்தது.

வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று படியேறும்போதே வாக்கியமெல்லாம் ஜோடித்து வைத்திருந்தேன். கதவைத் திறந்தேன். உள்ளே ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் வேறு என்னவோ வந்தது.

"ஏன்னா, உங்களுக்கு அறிவிருக்கா? ரசத்துல உப்பே போடலையே!"

"போட்டேனேடி…" என்று ஆரம்பித்தவர், பிரிக்காத உப்புப் பாக்கெட்டைப் பார்த்தார். பிறகு வாசற்படியில் செருப்புக்கூடக் கழற்றாமல் நிற்கும் என்னைப் பார்த்தார். கரண்டியை மேடைமேல் வைத்துவிட்டு, வேஷ்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னொரு தரம் திட்டுடி," என்றார்.