வெற்றுக் கண்ணாடியில் விழுந்த பள்ளம்

என் மேசை இழுப்பறையில் ஒரு கண்ணாடித் தகடு இருக்கிறது. அதில் எதுவும் பூசப்படவில்லை. அதுதான் அதன் பெருமை. தஞ்சாவூரில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்த காலத்தில் பக்கத்து மேசைத் தோழி எனக்குக் கொடுத்தது. மயிலாடுதுறைப் பக்கத்துக் கிராமம் அவளுக்கு. பெற்றோர் பிறர் வயலில் நட்டும் அறுத்தும் அவளைப் படிக்க வைத்தார்கள்.

கண்ணாடிமேல் ஒட்டியிருக்கும் வெள்ளி நானோ துகள்களை ஒளியால் கண்டுபிடிப்பதுதான் அவளுடைய ஆய்வு. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள்கள், பட்டுத் திரும்பும் ஒளியில் ஊதாவை மட்டும் கொஞ்சம் விழுங்கிவிடும். கணினித் திரையில் ஓடும் கோட்டில் அந்த இடத்தில் பள்ளம் விழ வேண்டும். அவளுக்கு விழவே இல்லை. ஆய்வேட்டுக்குக் கெடு நெருங்கிவிட்டது; உதவித்தொகையும் நின்றுபோயிருந்தது.

ஆயுத பூஜை முடிந்து, ஒளியை அளக்கும் கருவியை இயக்கிய அன்று கிணறு மாதிரிப் பள்ளம் விழுந்தது. நாங்கள் துள்ளிக் குதித்தோம். பேராசிரியர் லட்டு வாங்கிவரச் சொன்னார். அவள் மட்டும் சிரிக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க, துகள் பூசாத வெற்றுக் கண்ணாடியைப் பூஜைக்கு முன்பே அளந்து வைத்திருந்தோம். மறுபடி அளக்க எங்களுக்குத் தோன்றவில்லை. அவள் அளந்தாள். அதிலும் அதே பள்ளம்.

“வெறும் வயல்ல பயிர் தெரிஞ்சா கண்ணுலதான் கோளாறு,” என்று கருவியின் மூடியைத் திறந்தாள்.

ஒளி நுழையும் சின்னக் கண்ணாடிச் சன்னலில் மஞ்சள் குழைத்த சந்தனப் பொட்டு! பயபக்தியோடு வைத்தவர் பேராசிரியரேதான். மஞ்சளும் அதே ஊதாவைத்தான் விழுங்கும். வாயை மூடிக்கொண்டிருந்தால் பட்டம் கைக்கு வந்துவிடும். அவள் நேரே அவரிடம் போனாள்.

“சார், சாமி கும்புட்டது தப்பில்லீங்க. பொட்டு வச்ச எடந்தான் தப்பாப் போச்சு. இந்த ரிசல்ட் வேணாங்க.”

அவர் கையிலிருந்த லட்டைக் கீழே வைத்தார். “சரிம்மா, தொடச்சிட்டு மொதல்லேருந்து பாருங்க,” என்றார்.

துகள்களைப் புதிதாகப் பூசிப் பூசி அளந்தாள். ஊரில் தாளடி நெல் நட்டு, கதிர் முற்றி, அறுப்பும் முடிந்த பிறகுதான் பள்ளம் விழுந்தது. சின்னப் பள்ளம்தான், ஆனால் வெற்றுக் கண்ணாடியில் அது இல்லை. பட்டம் தாமதமாகத்தான் வந்தது. அப்படியொரு நெஞ்சுரத்தை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை.

இப்போது நான் வேலை பார்க்கும் கல்லூரியிலும் கருவிகளுக்குப் பொட்டு வைக்கிறோம், வெளிப்பக்கமாக. பூஜை விடுமுறை முடிந்ததும் அவள் கொடுத்த கண்ணாடியைத்தான் முதலில் அளப்பேன். இந்த முறையும் கோடு பள்ளமில்லாமல் ஓடியது.

“என்ன மேடம், ஒண்ணுமே வரலியே?” என்று ஒரு மாணவி முகம் வாடினாள்.

“வரலல்ல? இனிமே வர்றத நம்பலாம்,” என்றேன்.