நீலச் சாயம் வழிந்த இறுதி ஆட்டம்

எழுபதுகளின் நடுவில் காரைக்காலில் எங்கள் கால்பந்து கிளப்பில் பதினான்கு பேர் இருந்தோம். கேப்டன் பள்ளிக்கூட வாத்தியார். கோல்கீப்பர் கோட்டுச்சேரிமேட்டு மீனவர், விடியற்காலை கடலுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் பந்து பிடிக்க வந்துவிடுவார். நான் அரசு அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டு, தடுப்பாட்டம் ஆடிக்கொண்டிருந்தேன். ஆளுக்கொரு நிறச் சட்டையோடு ஆடித்தான் எங்களுக்குப் பழக்கம். அந்த வருஷப் போட்டிக்கோ ஒரே நிறச் சீருடை கட்டாயம் என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளைப் பனியன்களை வாங்கி நீலச் சாயம் தோய்ப்பதாக முடிவானது. அந்த வேலையை நானே வலியக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கேப்டனின் மனைவி சாயப் பொட்டலத்தைக் கொடுத்து, "தம்பி, உப்புப் போட்டு நல்லாக் கொதிக்க வைங்க. இல்லாட்டி சாயம் நிக்காது" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். அடுப்பு மூட்டச் சோம்பல். வாளித் தண்ணீரில் சாயத்தைக் கொட்டி, பனியன்களை முக்கியெடுத்துக் கொடியில் போட்டேன். காய்ந்ததும் பார்க்க அவ்வளவு அழகு!

இறுதி ஆட்டம் நாகப்பட்டினத்து அணியோடு. அவர்கள் பளீரென்ற வெள்ளையில் வந்திருந்தார்கள். இடைவேளைவரை கோல் விழவில்லை. அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. என் முழங்கை வழியாக நீலம் சொட்டியது. ஒவ்வொரு மோதலிலும் எங்கள் சாயம் அவர்கள் சட்டைக்குப் போனது. கால்மணி நேரத்தில் கோல்கீப்பர்கள் போக மற்ற இருபது பேரும் ஒரே வெளிர்நீலம்.

நடுவர் விசில் ஊதினார். "யாரு எந்தப் பக்கம்னே தெரியலைங்க. ஒரு டீமு சட்டையக் கழட்டுங்க!"

கேப்டன் என்னிடம் வந்தார். "உப்புப் போட்டியாடா?"

"இல்ல சார்."

அடி விழும் என்றே நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே பனியனைக் கழற்றி என் தலையில் போட்டார். உள்ளே உடம்பும் நீலம். நாங்கள் எல்லோரும் கழற்றி நின்றதும் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கோல்கீப்பர் தன் மார்பைக் குனிந்து பார்த்து, "கடலு இங்கயும் வந்துருச்சேடா!" என்று கத்தினார்.

அதற்குமேல் எங்களுக்குப் பயமே இல்லை. கடைசி நிமிடங்களில் கேப்டன் அடித்த பந்து அவர்கள் கோலுக்கு முன்னால் குட்டையில் அப்படியே நின்றுவிட்டது. அது தன்னிடம் வந்துவிடுமென்று அவர்கள் கோல்கீப்பர் காத்திருந்தார். அதற்குள் எங்கள் அணிப் பையன் ஒருவன், ரொட்டிக்கடையில் வேலை பார்ப்பவன், சேற்றில் சறுக்கிக்கொண்டே போய்ப் பந்தோடு தானும் கோலுக்குள் விழுந்தான். ஜெயித்துவிட்டோம்.

குடைக்குள் நின்றிருந்த கேப்டனின் மனைவி என்னைக் கூப்பிட்டார். "ஏன் தம்பி, காரைக்கால்ல உப்பு கிடைக்கலையா?" நான் தலைகுனிய, அவர் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வரும்போது பங்குச் சாமியார் என் கழுத்தைப் பார்த்தார். "நீலம் இன்னும் போகலையா?"

"தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்துட்டேன் சாமி" என்றேன்.

பொய். அந்த வாரம் முழுக்க நான் கழுத்தில் சோப்பே போடவில்லை.