நாற்பத்து மூன்றாம் எண்ணுக்குப் போன கடிதம்

எழுபதுகளின் நடுவில் காரைக்குடியில் நடந்தது இது. எம்.எஸ்ஸி. புள்ளியியலில் முதல் வருடம் முடித்திருந்தேன். கம்ப்யூட்டர் அப்போதுதான் எங்களுக்குப் பாடமாக வந்திருந்தது. ஆனால் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவர்கள் வகுப்பில் இரண்டு பேர்தான். இன்று இன்டர்ன்ஷிப் என்கிறார்களே, அதற்கு அன்று கோடைப் பயிற்சி என்று பெயர். சித்தப்பா வீடு கோட்டையூரில் இருந்ததால் காரைக்குடியில் பயிற்சி கேட்டு வாங்கிக்கொண்டேன். தினமும் டவுன் பஸ்ஸில் போய் வருவேன்.

நான் சேர்ந்தது ஒரு தற்காலிக அலுவலகம். சுற்றுவட்டாரக் கிராமங்களில் காசநோய்க் கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது. எக்ஸ்ரே வண்டி ஊர் ஊராகப் போய் எல்லோருக்கும் நெஞ்சைப் படம் எடுக்கும். அந்த விவரங்களை ஆளுக்கு ஓர் அட்டையாகத் துளை போட்டு, பெட்டியில் அடுக்கி, எங்கள் அதிகாரி சென்னைக்கு ரயிலில் எடுத்துப் போவார். கம்ப்யூட்டர் அங்கேதான் இருந்தது. நாலைந்து நாளில் அச்சடித்த பட்டியலோடு திரும்புவார். யாருடைய படத்தில் சந்தேகம் இருக்கிறதோ அவருக்கு, உடனே ஆஸ்பத்திரிக்கு வந்து சளிப் பரிசோதனை செய்துகொள்ளும்படி கடிதம் போகும்.

ஊர்ப் பதிவேட்டில் இருக்கும் ஆளையும் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் படத்தின் முடிவையும் சேர்த்துப் பட்டியல் போடும் புரோகிராமை எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது. "படத்தோட எண்ணையும் ஆளோட எண்ணையும் ஒண்ணொண்ணா ஒத்துப் பார்த்துக்கம்மா" என்று அதிகாரி சொன்னார். மூன்று ஊர்களுக்குப் பார்த்தேன். பதிவேட்டில் என்ன வரிசையோ அதே வரிசையில்தான் படங்களும் இருந்தன. அப்புறம் பார்க்கவில்லை. முதல் ஆளுக்கு முதல் படம், இரண்டாம் ஆளுக்கு இரண்டாம் படம் என்றே எழுதிவிட்டேன். பட்டியல் அச்சாகி வந்த அன்று, என் புரோகிராம் ஒரு பிழைகூட இல்லாமல் ஓடிவிட்டது என்று சித்தப்பா வீட்டில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரி டாக்டரிடமிருந்து தகவல் வந்தது. சாக்கோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து கடிதத்தோடு வந்த இரண்டு பேரை மறுபடி படம் எடுத்தால், இரண்டு பேருக்கும் நெஞ்சு சுத்தமாக இருக்கிறதாம்.

அதிகாரி அந்த ஊர்ப் பதிவேட்டை எடுத்து மேஜையில் விரித்தார். நாற்பத்து ஒன்றாம் எண் ஒரு பெரியவர். படம் எடுத்த அன்று மகளுடைய ஊருக்குப் போய்விட்டார். அவருக்குப் படம் இல்லாததால், நாற்பத்து இரண்டாம் எண்ணின் படம் வரிசையில் நாற்பத்து ஒன்றாவதாக வந்துவிட்டது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவருக்கும், பதிவேட்டில் அடுத்த வரியில் இருப்பவரின் படம் ஒட்டிக்கொண்டது. அந்த ஊரில் ஐந்து கடிதங்கள் தப்பான ஆட்களுக்குப் போயிருந்தன. நோய் உள்ள ஐந்து பேர் ஒன்றும் தெரியாமல் இருந்தார்கள்.

அதிகாரி என்னைத் திட்டவில்லை. "நான் பார்க்காம கையெழுத்துப் போட்டேன், எனக்கும் பங்கு இருக்கு" என்றார். ஊருக்கு ஆஸ்பத்திரி நர்ஸம்மாவை அனுப்பிச் சொல்லிவிடலாம், நான் போக வேண்டியதில்லை என்றும் சொன்னார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் ஜீப்பில் ஏறப்போன நர்ஸம்மா, "பட்டியல் பாத்துச் சொல்ல ஒரு ஆளு வேணும், வா தாயி" என்று கூப்பிட்டுவிட்டார். நானும் ஏறிக்கொண்டேன்.

முதல் நான்கு வீடுகளில் விஷயம் சுலபமாக முடிந்தது. கடைசி வீடு நாற்பத்து மூன்றாம் எண். இருபத்திரண்டு வயதுப் பெண், ஏழு மாதக் கைக்குழந்தை இருப்பதாகப் பதிவேட்டில் குறிப்பு. வாசலில் அவள் கணவர் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கமலைக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா உம் பொண்டாட்டி?" என்றார் நர்ஸம்மா.

"பின்னால கிடக்கா. அங்குட்டுப் போகாதீக, தொத்திக்கும்."

வீட்டுக்குப் பின்னால், வைக்கோல் போட்டுவைக்கும் கொட்டகையில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுக்கென்று ஒதுக்கிய ஓர் அலுமினியத் தட்டு, ஒரு குவளை. மார்பைச் சுற்றித் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். துணிக்குள்ளிருந்து வாடிய மல்லிகைப் பூ பிதுங்கியது. பால் வற்றுவதற்காகக் கட்டுவது அது. கடிதம் வந்த அன்றிலிருந்து குழந்தையைத் தொடவிடவில்லை. வெளியே தெரிந்தால் கேவலம் என்று ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போகவில்லை. இருபது நாளாக அவள் அங்கேயே இருந்தாள்.

"அவளுக்கு ஒண்ணுமில்லப்பா. ஆபீசுல ஒரு தப்பு நடந்துபோச்சு" என்றார் நர்ஸம்மா.

கணவர் நம்பவில்லை. உள்ளே போய்க் கடிதத்தை எடுத்து வந்து நீட்டினார். "வாத்தியாரு வாசிச்சுச் சொன்னாக. மெட்ராஸ் மிசினுல வந்ததுன்னாக. மிசினு பொய் சொல்லுமா?"

அதற்கு மேல் என்னால் சும்மா நிற்க முடியவில்லை. "மிஷின் இல்லைங்க, நான்தான். நான் எழுதினது தப்பு" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இந்தச் சின்னப் பெண் எப்படி அவ்வளவு பெரிய தப்பைச் செய்திருக்க முடியும் என்று அவருக்குப் பிடிபடவில்லை போல.

அந்த நேரம் வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தார். இடுப்பில் குழந்தை. கையில் பால் புகட்டும் பாலாடை. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். வந்த வேகத்தில் முந்தானையை வாயில் வைத்து இருமினார். இருமி முடித்துக் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டார். நர்ஸம்மா என்னைப் பார்த்தார். நான் பட்டியலைப் பார்த்தேன்.

நாற்பத்து நான்காம் எண். கணவரின் அக்கா. புருஷன் இறந்தபின் தம்பி வீட்டோடு இருப்பவர். பிள்ளை இல்லாதவர். குழந்தையைத் தாயிடமிருந்து காப்பாற்றுவதாக நினைத்து, இருபது நாளாக ராத்திரி பகலாக மார்பில் போட்டு வளர்த்தவர் அவர்தான். நோயும் அவருக்குத்தான்.

நர்ஸம்மா மெதுவாகச் சொன்னார். அந்த அம்மா, "நானா?" என்று ஒரு தடவை கேட்டார். பிறகு குழந்தையைத் தரையில் உட்கார வைத்துவிட்டு, நெருப்பைத் தொட்டவர் மாதிரிப் பின்னால் நகர்ந்தார். நகர்ந்து நகர்ந்து கொட்டகைக்குள் போய், அந்த அலுமினியத் தட்டுக்குப் பக்கத்தில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

தாய் ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கினாள். அது அவளை அடையாளம் தெரியாமல் வீறிட்டது. உடம்பை வளைத்து, கொட்டகைப் பக்கம் இரண்டு கையையும் நீட்டி அழுதது.

அவள் என்னைச் சபிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் குழந்தையை நர்ஸம்மா கையில் கொடுத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனாள். நாத்தனாரின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எந்திரிங்க மதினி. இங்கன இருக்காதீக. இங்கன இருந்தா எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும். வாங்க, ஆசுபத்திரிக்குப் போவோம்."

அதன் பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். கோபமாகக்கூட இல்லை, சந்தேகம் கேட்கிற மாதிரி, "இனிமே பால் ஊறுமாக்கா?" என்றாள்.

"பிள்ளைய மாருல போட்டுக்கிட்டே இரு, ஊறும்" என்று நர்ஸம்மாதான் சொன்னார்.

எல்லோரையும் அதே ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். அடுத்த பதினைந்து நாள் நான் செய்தது ஒரே வேலைதான். எல்லா ஊர்ப் பதிவேடுகளையும் எடுத்துவைத்து, ஆளையும் படத்தையும் ஒவ்வொன்றாகக் கையால் ஒத்துப் பார்த்தேன். இன்னொரு ஊரிலும் இதே மாதிரி நழுவியிருந்தது. அங்கே நல்லவேளையாக இன்னும் கடிதம் போகவில்லை. பயிற்சி அறிக்கையில் நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

ஒரு வருடம் கழித்து நர்ஸம்மாவிடமிருந்து ஓர் இன்லண்டு லெட்டர் வந்தது. நாத்தனார் ஊசியும் மாத்திரையுமாகத் தேறிவருகிறார். குழந்தைக்கும் நோய் தொற்றி, கழுத்தில் நெறி கட்டி, பல மாதம் மருந்து கொடுத்துப் பிழைக்கவைத்திருக்கிறார்கள். இப்போது ஓடி விளையாடுகிறதாம். பால் மட்டும் திரும்ப ஊறவில்லை.

பிறகு முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் துறையிலேயே இருந்தேன். என்னிடம் பயிற்சிக்கு வந்த மாணவர்கள் எத்தனையோ பேர். "ஒரு வரிதான் மேடம் தள்ளிப்போச்சு, சரி பண்ணிடலாம்" என்று அவர்களில் யாராவது சிரித்துக்கொண்டே சொன்னால் எனக்குக் கோபம் வராது. அந்தப் பட்டியலை வாங்கி முதல் வரியிலிருந்து நானே ஒத்துப் பார்க்கத் தொடங்குவேன். தாயை அடையாளம் தெரியாமல் அழுத அந்தக் குழந்தையின் குரல் என் காதில் அடங்குவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.