ஆக்டோபஸ் குடிவராத பெட்டிகள்

மொரிசோவுக்கு அழுக்கு ஆகாது. மீன்பிடித் துறையில் பிறந்த மனுஷனுக்கு இப்படி ஒரு வியாதி வந்திருக்கவே கூடாது, வந்துவிட்டது. ஹொக்கைடோவின் வடகரையில் எல்லோரும் ஹொக்கே மீனை வீட்டுக்குள்ளேயே சுட்டு, கண் எரிய எரியச் சாப்பிடுவார்கள். மொரிசோ வீட்டில் மட்டும், பனி கொட்டினாலும் சரி, மனைவி தொமி அடுப்பை வெளியே வைத்துக்கொண்டு நடுங்க வேண்டும். மீனோடு திரும்பி வந்தால் வாசலிலேயே காலுறையை மாற்ற வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து மாற்றிக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு ஜனவரி காலையில், மாற்றிய காலுறையிலும் ஒரு செதில் ஒட்டியிருந்தது. மொரிசோ அதை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான்.

"நீங்களும் உங்க சோப்பும் நல்லா குடித்தனம் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, தொமி அடுத்த துறையில் இருக்கும் தங்கை வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

போகட்டும், நாலு நாளில் வந்துவிடுவாள் என்று மொரிசோ தரையைத் துடைத்தார். அவள் வரவில்லை. அவள் வராததோடு ஆக்டோபஸும் வரவில்லை.

ஆக்டோபஸ் பிடிப்பதுதான் மொரிசோவின் பிழைப்பு. மரப்பெட்டிகளைக் கயிற்றில் கோத்துக் கடலடியில் இறக்கிவிட்டால், அந்தக் குளிர்ந்த தண்ணீரில் பொந்து தேடித் திரியும் ஆக்டோபஸ் தானாக வந்து குடியேறும். பெட்டிக்குக் கதவு கிடையாது. பிடித்தால் இருக்கும், பிடிக்காவிட்டால் கிளம்பிவிடும். மாதத்துக்கு ஒருமுறை பெட்டிகளைக் கரைக்குக் கொண்டுவந்து பாசி சுரண்டுவது துறையில் எல்லோருக்கும் வழக்கம். மொரிசோ அதோடு நிற்பாரா? சோப்பு போட்டு, வெந்நீர் ஊற்றி, மூலைமுடுக்கெல்லாம் பிரஷால் தேய்த்துப் பளபளவென்று அடுக்கிவைப்பார்.

அந்த மாதம் இறக்கிய பெட்டிகள் எல்லாம் காலியாகவே மேலே வந்தன. பக்கத்துப் படகுக்காரன் கெம்பெய்க்குக் கொண்டாட்டம்.

"என்னண்ணே, இன்னிக்கும் வீடு காலியா? அதுங்களும் அண்ணிகூடவே பஸ் ஏறிடுச்சு போல!"

"வாய மூடுடா. நீரோட்டம் சரியில்ல."

"நீரோட்டமா? எங்க பெட்டியில இடமில்லாம சண்டை போடுதுங்க. உங்க பெட்டிய மோந்து பாருங்கண்ணே, ஆஸ்பத்திரி கணக்கா இருக்கு. எட்டுக் கையாலயும் ருசி பாக்குற ஜீவன். சோப்புக்குள்ள எப்படிக் குடியிருக்கும்?"

"இத்தன வருஷமா சோப்பு போட்டுத்தான இறக்குறேன்? அப்பல்லாம் வரலியா?"

கெம்பெய் கயிற்றைச் சுற்றுவதை நிறுத்தினான். "அண்ணி சொல்லக் கூடாதுன்னாங்க."

"என்னத்த?"

"நீங்க பெட்டிய அடுக்கி வச்சிட்டு, தோல் உரியுற வரைக்கும் குளிக்கப் போவீங்கல்ல? அந்த நேரத்துல அண்ணி வந்து, எல்லாத்தையும் கடத்தண்ணியில முக்கி, மீன் குடலப் போட்டுத் தேச்சு, நீங்க வச்ச மாதிரியே திரும்ப அடுக்கிட்டுப் போவாங்க. இந்தத் துறைக்கே தெரியும். நீங்க மட்டும் மூக்குக்கு மாஸ்க் மாட்டிக்கிட்டு இருந்தீங்க."

மொரிசோவுக்கு முகம் சிவந்துபோயிற்று. துறையே சிரித்தது பெரிதாகப் படவில்லை. இத்தனை வருஷம் தன்னுடைய சாமர்த்தியம் என்று மார்தட்டிக்கொண்டதெல்லாம் அவள் கைவேலை. அந்தக் கையோடு வந்தவளைத்தான் வாசலில் நிறுத்திக் காலுறை மாற்றச் சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கே கெம்பெயிடம் ஒரு வாளி மீன் குடல் வாங்கினார். மாஸ்க்கைக் கழற்றினார். இரண்டு முறை குமட்டி, ஒரு முறை வாந்தியும் எடுத்து, வெறுங்கையால் ஒவ்வொரு பெட்டியையும் தேய்த்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குச் சிரிப்புகூட வரவில்லை.

கொஞ்ச நாள் கழித்துக் கயிற்றை இழுத்தபோது, ஒரு பெட்டி மட்டும் கனத்தது. உள்ளே பெரிய ஆக்டோபஸ் ஒன்று சப்பணம் போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தது. வெளியே வரமாட்டேன் என்றது. சரி என்று பெட்டியோடு வண்டியில் ஏற்றி, நேரே மைத்துனி வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கினார். இறக்கும்போது அது அவர் முகத்திலும் சட்டையிலும் மையைப் பீய்ச்சியது.

கதவைத் திறந்த தொமிக்கு ஒரு நிமிஷம் ஆள் யாரென்று தெரியவில்லை.

"யாருங்க இது?"

"நான்தான். குடலு நானே தேச்சேன்" என்றார் மொரிசோ. "கெம்பெய் சொல்லிட்டான்."

தொமி பெட்டியைக் குனிந்து மோந்தாள். பிறகு அவரையும் மோந்தாள். "இன்னும் நல்லா தேச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

வீடு வந்து சேர்ந்ததும், தொமி பழக்க தோஷத்தில் வாசலில் குனிந்து காலுறையைப் பிடித்தாள்.

"வேணாம்" என்றார் மொரிசோ. "அப்படியே உள்ள போ."

தொமி போனாள். பின்னாலேயே காலை எடுத்து வைத்தவரைக் கைநீட்டித் தடுத்தாள்.

"நீங்க எங்க வர்றீங்க? இந்தக் கோலத்தோடயா? கழட்டுங்க காலுறைய!"

பனியில் ஒற்றைக் காலில் நின்று மொரிசோ காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து ஹொக்கே சுடும் புகை வாசல் வழியாகக் குபுகுபுவென்று வந்தது. அவர் மாஸ்க்கைத் தேடவில்லை.