பிலோமினா அக்கா தேடிய எறும்பு

ஞாயிறு காலை ரந்தாவ் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது பிலோமினா அக்காவின் மகள் அழைத்தாள். "அம்மா போய்ட்டாங்க மிஸ்." காசைக் கொடுத்துவிட்டு மீனை அங்கேயே விட்டு வந்துவிட்டேன்.

பிலோமினா அக்காவைத் தோட்டத்து மாதா கோயிலில் பாடுகிறவராகத்தான் உங்களில் பலருக்குத் தெரியும். எனக்கு அவர் சிரம்பான் பூச்சி ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடம் பக்கத்து மேசைக்காரர். பழங்காலத்து மரப்பிசின் மண்ணுக்குள் கிடந்து கல்லாகிவிடும், அம்பர் என்பார்கள். அது எங்களுக்கு மூட்டையாக வரும். அக்கா தேய்த்து மெருகேற்றுவார். உள்ளே சிக்கிய பூச்சிகளைப் பார்த்து நான் எழுதுவேன்.

அவர் வேலைக்கு வந்த முதல் வாரம் ஒரு கல்லைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். அந்தக் கல்லுக்குள் ஓர் எறும்பு இருந்தது. நெற்றியில் சின்னக் கொம்பு. எப்போதோ அழிந்துபோன இனம். எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. படம்கூட எடுத்திருக்கவில்லை. திரும்பி வந்தால் அக்கா பெருமையாகக் கல்லை நீட்டினார்.

"உள்ள எறும்பு கெடந்துச்சு மிஸ். தோண்டி எடுத்துட்டேன்லா. இப்ப சுத்தமா இருக்கு."

இருபது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். பால் வடியும் மங்குக் கிண்ணத்தில் எறும்பு கிடந்தால் மேற்பார்க்கும் மண்டோர் ஏசுவார்; எடுத்துப் போட்டே பழகிய கை. அதெல்லாம் எனக்குப் பிறகுதான் உறைத்தது. அன்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் அன்று சாப்பிடவே இல்லை.

அதன்பின் ஒவ்வொரு கல்லையும் தேய்க்கும் முன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். உள்ளே எறும்பு தெரிந்தால் உடனே என்னிடம் வந்துவிடுவார்.

"மிஸ், இது அந்தக் கொம்புப் புள்ளையா பாருங்க."

"இல்லக்கா."

பதினோரு வருடமும் இதே கேள்வி, இதே பதில்.

போன மாதம் மருத்துவமனையில் கண்ணைத் திறந்ததும் அதையேதான் கேட்டார். "அந்தப் புள்ள கெடச்சுச்சா?"

எனக்குத் தாங்கவில்லை. "தப்பு என்னோடதுக்கா. எறும்புதான் முக்கியம்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கணும். அன்னைக்குக் கத்துனதுக்கு மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "அத விடுங்கலா. எறும்பு தனியாவா போவும்? கூட வந்தது எங்கயாச்சும் இருக்கும். தேடுங்க."

குழி விழுந்த அந்தக் கல்லை நான் வைத்திருக்கிறேன். யாருக்கும் தரமாட்டேன்.

நேற்றுப் புதிய மூட்டை வந்தது. முதல் கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பக்கத்து மேசையைப் பார்த்து, "இல்லக்கா" என்றேன். அடுத்த கல்லை எடுத்தேன்.