மேமே செல்மாவுக்கு இந்தியா கொடுத்த சேலை

நமீபியாவில் தேர்தலைக் கண்காணிக்க ஐ.நா. சபை பல நாட்டுப் போலீஸ்காரர்களை அழைத்தபோது, மத்திய ரிசர்வ் போலீசில் இருந்த வ. புதுப்பட்டி மலைச்சாமியும் போனார். 1989ஆம் வருசம். வடக்கே, எல்லையோரக் கிராமத்தில் முகாம். பக்கத்து வீட்டுக்காரி செல்மாவை ஊரே ‘மேமே’ என்றது. அம்மா என்று அர்த்தம். விடுதலைப் போருக்கென்று எல்லை தாண்டிப் போன மகனுக்காக அவள் காத்துக் கிடந்தாள். போனவர்கள் லாரி லாரியாகத் திரும்பினார்கள். லாரி வந்து நிற்கும்போதெல்லாம் மலைச்சாமியும் அவளோடு போய் நிற்பார். அவன் இறங்கவே இல்லை.

மறுவருசம் மார்ச்சில் சுதந்திரம் வந்தது. தலைநகரில் உலகத் தலைவர்கள் பரிசுகளோடு வந்திறங்குவதாக ரேடியோ சொன்னது. கிராமத்தில் மாடு அடித்துச் சமைத்து, கொட்டு முழங்க ஆடினார்கள். மேமே மலைச்சாமியின் கையைப் பிடித்து, “உன் நாடு எனக்கு என்ன கொண்டுவந்தது?” என்று சிரித்தாள்.

போர்த்திப் படுக்க மனைவி வெள்ளைத்தாய் மடித்துக் கொடுத்தனுப்பிய பழைய சுங்குடிச் சேலைதான் அவரிடம் இருந்தது. “இந்தியாவின் அன்பளிப்பு” என்று விறைப்பாக சல்யூட் அடித்து நீட்டினார். அதைத் தோளில் சுற்றிக்கொண்டு ஆடினாள் மேமே. ஆட்டத்துக்கு நடுவிலும் அவள் கண் பாதையிலேயே இருந்தது.

ஊர் திரும்பியதும் வெள்ளைத்தாய் கேட்டாள்: “எஞ்சேலைய எங்க?”

நடந்ததைச் சொன்னார்.

“நஞ்சுபோன சேலையவா குடுத்திய? நாட்டு மானமே போச்சே!” என்று தலையில் அடித்துக்கொண்டவள், செத்த நேரம் கழித்து மெதுவாகக் கேட்டாள். “அந்தம்மா மகன் வந்துட்டானா?”

“நாங் கெளம்புற வரைக்கும் வரல.”

“பொறவு வந்திருப்பான்.”

“வந்திருப்பான்” என்றார். தெரிந்துகொள்ள வழியில்லை. போட்ட கடுதாசிகளுக்குப் பதில் வரவில்லை.

பென்ஷன் வாங்கி, ராஜபாளையம் மில் ஒன்றில் வாட்ச்மேனாகச் சேர்ந்த பிறகு, ஒருநாள் காலை பஸ் ஸ்டாண்டில் ஓர் ஆப்பிரிக்க வாலிபனைப் பார்த்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

“வா லலபோ!” என்றார் மூச்சிரைக்க. மேமே தினமும் சொல்லும் காலை வணக்கம்.

அவன் விழித்தான். “நான் கென்யா, சார். மதுரையில படிக்கிறேன்.”

மலைச்சாமியின் முகம் வாடியது. இருந்தாலும் அவனை விடவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். “ஒங்க ஊருக்கும் நமீபியாவுக்கும் எம்புட்டுத் தூரம் தம்பி?”

“ரொம்பத் தூரம் சார்.”

“இங்க இருந்து பாத்தா பக்கந்தான்” என்றார்.

பஸ் வந்து அவன் ஏறிப்போனான். மில் சங்கு ஊதியது. மலைச்சாமி நகராமல், மேமேயைப் போலப் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றார்.